இரட்டைத் தும்மல் போட்ட சேவல்

பாகாலா,
சனிக்கிழமை மாலை.

சகல சௌபாக்கியங்களும் நிறைந்தவரும், ராமகுப்பத்தில் பட்டுப்பூச்சி வளர்ப்பில் பேர் எடுத்தவரும், என் மகள் சந்தியாவுக்கு மாமனாராக வாய்த்தவருமான சம்பந்தி பாலையா அவர்களின் சமூகத்துக்கு, பாகாலா ஸ்டேஷன் ரோட்டில் கல்யாணப் பத்திரிகை அச்சடித்துப் பிழைக்கும் லோகேஸ்வரன் கைகூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் என் மனைவி தனபாக்கியமும், தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் நம் குழந்தை சந்தியாவும் சௌக்கியம். தடாவில் ரூம் எடுத்து ஸ்ரீசிட்டியில் கம்பெனி வேலைக்குப் போய் வரும் மாப்பிள்ளை கிரண்குமார் நேற்றுப் போன் செய்தார், அவரும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் சம்பந்தியம்மாவும் சௌக்கியமாக இருக்க ஏழுமலையானை வேண்டிக்கொண்டேன். தங்கள் வீட்டுக் கோழிகள் அத்தனையும் சௌக்கியமாக இருக்கத் தனியாக இன்னொரு முறை வேண்டிக்கொண்டேன். ஏன் என்பது கீழே வருகிறது. இதை உட்கார்ந்துகொண்டு படிக்கவும். சம்பந்தியம்மாவுக்குப் படித்துக் காட்டுவதாக இருந்தால், முதலில் தாங்கள் ஒருமுறை தனியாகப் படித்துவிட்டு எந்தெந்த வரியைத் தாண்டிப் போவது என்று முடிவு செய்துகொள்ளவும்.

விஷயம் இதுதான். வருகிற வெள்ளிக்கிழமை சந்தியாவின் வளைகாப்புக்குத் தாங்கள் குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வர வேண்டாம். எழுதிவிட்டேன். இருபது வருஷமாக 'சுற்றமும் நட்பும் சூழ வருகை தந்து' என்று தமிழிலும் தெலுங்கிலும் அச்சடித்த கை இது. 'வர வேண்டாம்' என்பதை எப்படி மரியாதையாகச் சொல்வது என்று கடையில் இருக்கும் பழைய மாதிரிப் பத்திரிகைகளையெல்லாம் புரட்டிப் பார்த்தேன். ஒன்றில்கூட இல்லை. காரியப் பத்திரிகையில்கூட வந்து கலந்துகொள்ளத்தான் சொல்கிறோம். வளைகாப்பு நிற்கவில்லை, இடம்தான் மாறுகிறது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். முழுக்கப் படித்துவிட்டுப் பிறகு கோபப்படுங்கள், நான் ஏற்றுக்கொள்கிறேன்.

இதைப் போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பீர்கள். இரண்டு முறை போன் செய்தேன். தாங்கள் எடுத்தவுடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். பின்னால் சம்பந்தியம்மா, மல்பெரி இலை பறிக்க வந்தவர்கள், பால் ஊற்ற வந்தவர் என்று எல்லோரும் ஒன்றாகக் குசலம் விசாரிக்கிறார்கள். அத்தனை பேர் முன்னால் ஒரு மனிதன் எதைச் சொல்வான். முதல் முறை, நம்ம சேவல் எப்படி இருக்கிறது என்று கேட்டீர்கள். ராஜா மாதிரி இருக்கிறது என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். அந்த நேரத்தில் ராஜா இரண்டு கண்ணிலும் நுரை தள்ளி, மூக்கு ஒழுக, துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரண்டாவது முறை, எங்கள் கோழிகளோடு ஒத்துப்போய்விட்டதா என்று கேட்டீர்கள். நன்றாக ஒத்துப்போய்விட்டது, சேவலுக்கு என்னவோ அதேதான் எல்லாக் கோழிக்கும் என்று சொன்னேன். அது பொய்யில்லை. தாங்கள் சிரித்தீர்கள்.

சென்ற மாதம் வளைகாப்புக்கு நாள் குறிக்கத் தாங்கள் இருவரும் குப்பத்தில் ஒரு பஸ், பலமநேரில் ஒரு பஸ், சித்தூரில் ஒரு பஸ் என்று மாறி மாறி வந்தீர்களே, அந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும். கையில் கூடை, கூடைக்குள் செக்கச் செவேல் என்று ஒரு சேவல். தங்கள் வீட்டு முட்டையில் பொரித்தது, சம்பந்தியம்மா கையால் தீனி தின்று வளர்ந்தது என்று சொன்னீர்கள். பிள்ளை பெற்றவளுக்கு நாட்டுக்கோழிச் சாறு வேண்டும் என்பதற்காகவே தனபாக்கியம் கொல்லையில் வளர்த்துவரும் கோழிகளுக்கு ஒரு நல்ல சேவல் இல்லாத குறையைத் தீர்க்கவே கொண்டுவந்ததாகச் சொன்னீர்கள். என் மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. சம்பந்தி வீட்டிலிருந்து வந்த பறவையைத் தனியாகக் காலைக் கட்டிப் போடுவது நம் பக்கத்தில் எவ்வளவு பெரிய அவமரியாதை என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. வந்த மாப்பிள்ளைக்கு மாட்டுக்கொட்டகையில் பாய் விரித்த கதைதான். அதனால் தாங்கள் பார்க்கப் பார்க்கவே அதற்கு ஆரத்தி சுற்றி, பொட்டு வைத்து, தனபாக்கியம் தன் கையாலேயே கோழிகளுக்கு நடுவில் இறக்கி விட்டாள். கோழிகள் குடிக்கும் சட்டியில் முதல் தண்ணீர் அதற்குத்தான். அது அலகை முக்கி, தலையைத் தூக்கி, மறுபடி முக்கிக் குடித்த அழகை நாம் நான்கு பேரும் நின்று ரசித்தோம்.

பிறகு பஞ்சாங்கத்தைப் பிரித்து, வெள்ளிக்கிழமை என்று நான் வாயெடுத்தபோது கொல்லையிலிருந்து அந்தச் சேவல் ஒரு தும்மல் போட்டது தங்களுக்கு நினைவிருக்கும். நல்ல காரியம் பேசும்போது ஒற்றைத் தும்மல். சந்தியா முகம் வெளுத்துவிட்டது. சம்பந்தியம்மா வெற்றிலையைக் கையில் வைத்தபடியே நின்றுவிட்டார்கள். அடுத்த தும்மலுக்காக வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. தாங்கள் கண்ணை மூடிக்கொண்டு கோவிந்தா கோவிந்தா என்றீர்கள். சேவல் இரண்டாவது தும்மலையும் போட்டது. என்ன சந்தோஷம் நமக்கு. இரட்டைத் தும்மல், இதைவிட நல்ல சகுனம் கிடையாது, இந்த நாளையே வைத்துவிடலாம் என்று தாங்களே சொன்னீர்கள். என் மனைவி ஓடிப்போய்ச் சேவலுக்கு ஒரு பிடி கம்பு சேர்த்துப் போட்டாள். நோயாளியின் தும்மலைக் கேட்டு முகூர்த்தம் வைத்த குடும்பம் இந்த ஜில்லாவிலேயே நம்முடையதாகத்தான் இருக்கும்.

தாங்கள் ஊர் திரும்பிய பிறகு புள்ளிக்கோழி தும்மியது. தனபாக்கியம் எண்ணிப் பார்த்தாள், இரண்டு. முகமெல்லாம் சிரிப்பு அவளுக்கு. மறுநாள் வெள்ளைக்கோழி, அதுவும் இரண்டு. வீட்டுக்கு ஏதோ பெரிய நல்லது வரப்போகிறது என்று அடுத்த வீட்டில் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கப்புறம் எல்லாக் கோழியும் சேர்ந்து தும்ம ஆரம்பித்ததும் எண்ணுவதை விட்டுவிட்டோம். மூச்சு விடும்போது தொண்டைக்குள் கொதிக்கிற சத்தம். கண்ணோரம் நுரை. சில கோழிகளுக்கு முகம் ஒருபக்கமாக வீங்கி, பல்வலிக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பது போல இருந்தது. முட்டை அடியோடு நின்றுவிட்டது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அச்சகத்தில் ஒரு பத்திரிகையில் மணமகன் பெயரை மணமகளுக்கும் மணமகள் பெயரை மணமகனுக்கும் போட்டுவிட்டேன், நல்லவேளை இரண்டு வீட்டாரும் சிரித்துவிட்டார்கள்.

கோழிக்குச் சளி என்றால் குழந்தைக்குச் சளி பிடித்தால் செய்வதைச் செய்ய வேண்டியதுதானே என்று தனபாக்கியம் சொன்னாள். நானும் சரி என்றேன். குளிர் காற்று படக்கூடாது என்று கூண்டைச் சுற்றித் தார்ப்பாய் கட்டினோம். ஓமத்தை வறுத்துத் துணியில் கட்டி உள்ளே தொங்கவிட்டோம். பிறகு தூபக்காலில் சாம்பிராணி போட்டு, தார்ப்பாய்க்குள் நன்றாகப் புகை போட்டு, நான்கு பக்கமும் இறுக்கிக் கட்டிவிட்டு, இனி நிம்மதியாகத் தூங்கும் என்று நாங்களும் நிம்மதியாகத் தூங்கினோம். காலையில் தார்ப்பாயைப் பிரித்தால் புள்ளிக்கோழியும் வெள்ளைக்கோழியும் கிடந்தன. தனபாக்கியம் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வாய்விட்டு அழுதாள் சம்பந்தி. சந்தியா வயிற்றில் பிள்ளை வந்த சேதி தெரிந்த நாளிலிருந்து இந்தக் கோழிகளுக்கு அவள் போட்ட தீனி கொஞ்சமல்ல. புருஷன் பட்டினி கிடந்தால்கூட அப்படிப் பார்த்திருக்க மாட்டாள். எனக்கும் அழுகை வந்தது. சந்தியா பார்க்கக்கூடாதே என்று அடக்கிக்கொண்டேன்.

இரண்டு கோழி செத்தது என்ற சேதி எங்கள் தெருவைத் தாண்டி ஸ்டேஷன் வரை போய்த் திரும்பி வருவதற்குள் பறவைக் காய்ச்சல் என்று ஆகிவிட்டது. அதற்கப்புறம் நான் பட்ட அவமானம் ஏழேழு ஜென்மத்துக்கும் போதும். பத்திரிகை அடிக்க வந்தவர்கள் கடைக்குள் வராமல் ரோட்டுக்கு அந்தப் பக்கத்தில் நின்றுகொண்டு மணமகள் பெயரையும் முகூர்த்த நேரத்தையும் கத்திச் சொன்னார்கள். நானும் இங்கிருந்து கத்திக் கத்திச் சரிபார்த்தேன். ரோட்டில் போகிறவர்களெல்லாம் அந்தக் கல்யாணத்துக்கு அழைக்கப்பட்ட மாதிரி ஆகிவிட்டது. இதற்கு நடுவில் சந்தியா, "நைனா, எனக்கும் ஒட்டிக்குமா?" என்று மெதுவாகக் கேட்டாள். அதைக் கேட்டதும் சித்தூரில் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கும் என் மைத்துனன் பாலசுப்பிரமணியனுக்குப் போன் போட்டு, கால்நடை டாக்டரை எப்படியாவது அழைத்து வா என்றேன்.

அவன் கூட்டி வந்தது டாக்டர் சபீனா என்று ஒரு சின்ன வயதுப் பெண். முகத்தில் மாஸ்க், கையில் உறை, காலில் பாலிதீன் பை. வந்தவள் காபிகூட வேண்டாம் என்றதில் தனபாக்கியத்துக்கு முதல் வருத்தம். எல்லாக் கோழியையும் தூக்கிப் பார்த்து, மூக்கைப் பார்த்து, நெஞ்சில் காது வைத்துக் கேட்டுவிட்டு, தார்ப்பாயைத் தூக்கித் தூபக்காலை வெளியே எடுத்து வைத்தாள். மூச்சு விட முடியாத பிராணியைப் புகையில் வைத்து மூடியிருக்கிறீர்களே என்று அவள் சொன்னபோது நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அவள் கேட்டாள், "கொத்தகா ஏதாச்சும் கோழி வாங்கினீங்களா? இந்த ஒரு மாசத்துல புதுசா இன்னா வந்துச்சி உள்ள?"

தங்கள் மரியாதை எங்கள் கையில் இருந்த நேரம் அது. தனபாக்கியம் தலையை நிமிர்த்திச் சொன்னாள், "ஒண்ணும் வரலீங்கம்மா. எல்லாம் இங்கியே பொறந்து வளந்தது." அவள் முடிக்கவில்லை, தங்கள் சேவல் கல்லின் மேல் ஏறி நின்று கூவப் பார்த்தது. பாதிக் கூவலில் தொண்டை அடைத்து, பழைய சைக்கிள் பம்பு மாதிரி ஒரு சத்தம் வந்தது. காலில் தாங்கள் கட்டிக்கொண்டுவந்த கயிற்றின் துண்டு இன்னும் இருந்தது. டாக்டரம்மா நேராக அதனிடம் போனாள். பிடித்து, கண்ணைத் துடைத்து, இறக்கையைத் தூக்கினாள். இறக்கைக்கு அடியில் ரோஸ் கலரில் ஒரு பட்டைச் சாயம்.

சந்தையில் கோழி வியாபாரிகள் இது என்னுடையது அது உன்னுடையது என்று அடையாளத்துக்குப் பூசுகிற சாயம் அது என்று அவள் சொன்னாள். தனபாக்கியம் அசரவில்லை. அது குங்குமம், சம்பந்தியம்மா வைத்து அனுப்பியது என்றாள். இறக்கைக்கு அடியிலா என்று டாக்டரம்மா கேட்டாள். மறைவாக வைப்பதுதான் விசேஷம் என்று தனபாக்கியம் சொன்னாள். என் மனைவிக்கு இவ்வளவு வேகமாகப் பொய் சொல்ல வரும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இதுவரை எங்கெங்கே வந்திருக்கும் என்று யோசித்து அதில் வேறு எனக்கு ஒரு அதிர்ச்சி.

சம்பந்தி, இந்தச் சாயத்தைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்க மாட்டேன். வரும் வழியில் தங்கள் சேவல் கூடையிலிருந்து ஓடியிருக்கலாம். பஸ் மாறும்போது கூடை மாறியிருக்கலாம். பெண் கொடுத்த வீட்டுக்கு வெறுங்கையோடு எப்படிப் போவது என்று தவித்து, வழியில் ஏதோ ஒரு வாரச் சந்தையில் இறங்கியிருக்கலாம். அந்த இடத்தில் நானாக இருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். தங்கள் இறக்கைக்கு அடியில் பார்க்கிற ஆள் நான் இல்லை. உண்மையில் இந்தச் சாயத்தைப் பார்த்து வருத்தத்தைவிட எனக்கு நிம்மதிதான் வந்தது. சேவல் சந்தையில் நோயை வாங்கிக்கொண்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்ததென்றால், சம்பந்தியம்மாவின் நாற்பது கோழிகளும் இன்னும் சுத்தமாக இருக்கின்றன என்று அர்த்தம். அந்தக் கோழி முட்டையைக் குப்பத்தில் கொண்டுபோய் விற்றுத்தான் மாப்பிள்ளையைப் படிக்க வைத்ததாகச் சம்பந்தியம்மா சொல்லியிருக்கிறார்கள். அந்தக் கோழிகளுக்கு ஒன்றும் ஆகக்கூடாது. இந்தக் கடிதத்தை நான் எழுதுவதே அதற்காகத்தான்.

டாக்டரம்மா தொண்டையில் பஞ்சு விட்டு எடுத்துச் சித்தூருக்கு அனுப்பி, முடிவும் வந்துவிட்டது. பறவைக் காய்ச்சல் இல்லை. மனிதருக்கு ஒட்டாது, சந்தியாவுக்கு ஒரு பயமும் இல்லை. அதைக் கேட்டதும் நான் அச்சகத்து வாசலிலேயே ஒரு தேங்காய் உடைத்தேன். கோழிக்குக் கோழி பரவுகிற நுரையீரல் சளி நோய் இது. மூச்சில் பரவும், தண்ணீர்ச் சட்டியில் பரவும், நம் செருப்பிலும் சேலையிலும்கூட ஒட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக் கோழிக்குப் போகும். தண்ணீரில் கலக்க மருந்து கொடுத்தாள். தார்ப்பாயைக் கழற்றிக் காற்றோட்டமாக விடச் சொன்னாள். நோய்க்கோழியைத் தனியாக வை, மருந்து ஓடுகிற வரைக்கும் ஒரு முட்டையையும் தின்னாதே என்றாள். மருந்து குடித்துக் கோழிகள் தேறிவிட்டன, தங்கள் சேவலும் தேறிவிட்டது. ஆனால் அதற்கப்புறம் அவள் சொன்னதுதான் என் தலையில் இடியாக இறங்கியது. தேறிய கோழி வெளியே பார்க்கத்தான் ஆரோக்கியமாம். நோய் உள்ளுக்குள்ளேயே ஒளிந்திருந்து, சாகும்வரை பக்கத்துக் கோழிக்குக் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். "இந்த கேட்டுக்கு உள்ள ஒரு கோழி வரக்கூடாது, வெளிய ஒரு கோழி போகக்கூடாது. கோழி வளக்கறவங்க யாரும் உங்க வூட்டுக்கு வரவும் வேணாம்," என்று நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். நான் தலையாட்டினேன். பக்கத்தில் தனபாக்கியமும் தலையாட்டினாள்.

வாசலில் ஒரு தட்டு வைத்து, பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரில் வருகிறவர்கள் போகிறவர்கள் காலை நனைத்துவிட்டுப் போக வேண்டும் என்பதும் உத்தரவு. அலுமினியத் தட்டில் வெள்ளைத் தண்ணீரைப் பார்த்தால் வருகிறவர்கள் என்ன நினைப்பார்கள் என்று தனபாக்கியம் அதில் இரண்டு செம்பருத்திப் பூவை மிதக்க விட்டு, ஓரத்தில் மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டாள். தபால்காரர் அதில் காசு போட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டு போகிறார்.

இப்போது சொல்லுங்கள். நாற்பது கோழி வளர்க்கும் சம்பந்தியை இந்த வீட்டு வளைகாப்புக்கு எப்படிக் கூப்பிடுவேன். கூப்பிடாமல்தான் எப்படி இருப்பேன். மாமியார் கையால் முதல் வளையல் விழாமல் ஒரு பெண்ணுக்கு என்ன வளைகாப்பு. சந்தியா, சம்பந்தியம்மா எடுத்துக்கொடுத்த பச்சைப் புடவையை எடுத்து எடுத்துப் பார்த்துவிட்டு மடித்து வைக்கிறாள். வீட்டில் அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி வாசலில் வேப்பிலை கட்டிவிடலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள் என்று தனபாக்கியம் யோசனை சொன்னாள். பிள்ளைத்தாய்ச்சி இருக்கும் வீட்டில் என்ன பேச்சு பேசுகிறாய் என்று நான் திட்டினேன். அவளும் வாயில் அடித்துக்கொண்டாள். கடைசியில் திருப்பதியில் அலிபிரி ரோட்டுப் பக்கம் ஒரு சின்ன மண்டபம் பிடித்துவிட்டேன். வளைகாப்பு அங்கேதான், அதே வெள்ளிக்கிழமை, அதே முகூர்த்தம்.

தங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கேட்பதற்கு என் நாக்கு கூசுகிறது, அதனால் எழுதுகிறேன். நேராகத் திருப்பதி மண்டபத்துக்கு வந்துவிடுங்கள், பாகாலாவில் இறங்க வேண்டாம். கோழிக்கூண்டுக்குள் போட்டுக்கொண்டு போன செருப்பு வேண்டாம், புதுச் செருப்பு போட்டுக்கொண்டு வாருங்கள். நாங்களும் குளித்துவிட்டுப் புதுத் துணியிலும் புதுச் செருப்பிலும்தான் வருவோம். மண்டபத்து வாசலில் ஒரு தட்டு இருக்கும், பூ மிதக்கும், பாத பூஜை என்று நினைத்துக் காலை வைத்துவிடுங்கள். சீர் என்று எதைக் கொண்டுவந்தாலும் சந்தோஷம், உயிருள்ளது மட்டும் வேண்டாம். நாங்களும் அப்படியே. கொடுத்த சேவலுக்குப் பதில் மரியாதை செய்யவில்லையே என்று தாங்கள் குறையாக நினைக்கக்கூடாது. எங்கள் வீட்டிலிருந்து ஒரு இறகுகூடத் தங்கள் வீட்டு எல்லைக்கு வராது. இது தங்கள் மேலும் சம்பந்தியம்மாவின் கோழிகள் மேலும் நான் வைத்திருக்கும் மரியாதையின் அடையாளம்.

இந்தக் கடிதத்தை நாளை விடியற்காலை முதல் பஸ்ஸில், இன்று இங்கே தங்கியிருக்கும் என் மைத்துனன் பாலசுப்பிரமணியன் நேரில் கொண்டுவந்து தருவான். அவன் வீட்டில் கோழி கிடையாது. இருந்தாலும் தலைக்குக் குளித்துப் புது வேட்டி சட்டையில்தான் வருவான், வாசல் தட்டில் காலை நனைத்துவிட்டுத்தான் பஸ் ஏறுவான். அவனுக்குத் தாகத்துக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்து, தங்கள் கோபத்தை அவனிடம் காட்டாமல் எனக்கென்று வைத்திருந்து வெள்ளிக்கிழமை நேரில் கொடுக்கவும். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் நமஸ்காரம். சந்தியா தங்கள் இருவர் காலிலும் விழுந்து வணங்குவதாகச் சொல்லச் சொன்னாள். பிறக்கப்போகும் பேரனோ பேத்தியோ நல்ல மூச்சோடு பிறக்க வேண்டும் என்று பத்மாவதித் தாயாரை வேண்டிக்கொண்டு, தங்கள் மேல் மாறாத மதிப்பு வைத்திருக்கும்,

லோகேஸ்வரன்.

பின்குறிப்பு (ஞாயிறு மத்தியானம்): சம்பந்தி, நான் காலையில் கண் விழிப்பதற்குள் பாலசுப்பிரமணியன் கிளம்பிவிட்டான். தலைக்குக் குளித்தானாம், புது வேட்டி கட்டினானாம், தட்டில் காலை நனைத்தானாம், எல்லாம் சொன்னபடியே செய்தானாம். கடிதத்தை மட்டும் மேசை மேலேயே மறந்துவிட்டான். கையில் என்ன கொண்டுபோனான் என்று கேட்டேன். தனபாக்கியம் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, கூடை என்றாள். கூடையில் என்ன என்றேன். தேறினதிலேயே நன்றாகத் தேறின கறுப்புக்கோழி என்றாள். "நோய்க்கோழிய தான வெளிய வுடாதன்னு டாக்டரம்மா சொன்னாங்க, இது தான் தேறிடுச்சே. சேவல் குடுத்தவங்க வூட்டுக்கு வராதீங்கன்னு லெட்டர மட்டும் குடுத்தனுப்பினா, நம்மள மனுசங்கன்னு நெனப்பாங்களா?" என்று கேட்டாள். தங்களுக்குப் போன் செய்ய ஓடினேன். அதற்குள் தாங்களே போன் செய்துவிட்டீர்கள். ஸ்பீக்கரில்தான். கோழி வந்து சேர்ந்தது, தங்கமான கோழி, என் மைத்துனன் கண் முன்னாலேயே சம்பந்தியம்மா தன் கையால் எல்லாக் கோழிகளுக்கும் நடுவில் இறக்கி விட்டார்கள் என்று சொன்னீர்கள். அது கொஞ்சம் சண்டைக்காரி, பிடித்துத் தனியாகக் கட்டிப் போடுங்கள் என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. "சம்மந்தி வூட்டு கோழிய தனியா கட்றதா? நாங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க," என்று தாங்கள் சொன்னதும் பின்னால் எல்லோரும் சிரித்தார்கள்.

டாக்டரம்மாவுக்குப் போன் செய்தேன். நடந்ததை முழுக்கக் கேட்டாள். பிறகு, அந்தக் கறுப்புக்கோழியை இந்த நிமிஷமே தனியாக அடைக்கச் சொல்லுங்கள், அதோடு தண்ணீர் குடித்த கோழிகளை எல்லாம் தனியாகப் பிரிக்கச் சொல்லுங்கள், நோய் அங்கேயும் போயிருக்கும், இனிமேல் உங்கள் இரண்டு வீட்டுக் கோழிகளும் ஒரே மந்தை என்றுதான் நினைத்துக்கொள்ள வேண்டும் என்றாள். ஆகையால் மண்டபம், புதுச் செருப்பு என்று மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடுங்கள். வளைகாப்பு எங்கள் வீட்டிலேயே நடக்கட்டும், வருவதாக இருந்தால் தாராளமாக வாருங்கள். ஸ்பீக்கரில் இதைச் சொல்ல எனக்கு நாக்கு வராது, அதனால் மிச்சமிருக்கும் மருந்தை எடுத்துக்கொண்டு இந்தக் கடிதத்தோடு நானே இப்போது பஸ் ஏறுகிறேன். இதைத் தங்கள் கையில் கொடுத்துவிட்டு ரோட்டிலேயே நிற்பேன். படித்து முடிக்கும்வரை என்னை உள்ளே கூப்பிட வேண்டாம். முடித்த பிறகு கூப்பிடுவதும் கூப்பிடாததும் சம்பந்தியம்மாவின் இஷ்டம்.